எழுபத்தொன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில்

மறுபடியும் தாவிவிட்டது. பன்னிரண்டாவது வளைவுக்கு முன்னால் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பஸ், அடுத்த நொடியில் வளைவுச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் இருந்த முப்பது அடி ரோட்டைக் காணோம். கம்ப்யூட்டர்தான், வேறென்ன, என்று சென்னியப்பன் வாய்விட்டுச் சொன்னான், அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும். எட்டு வருஷத்துப் பழைய சாமான். மச்சினன் தரணீதரன் பெங்களூரில் புதிது வாங்கியபோது, பழசைத் தூக்கிவந்து அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனது. விளையாடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த கம்ப்யூட்டர், அந்தக் காலத்தில் ராஜா; பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது, ராஜாங்கம்தான் இல்லை. வயசானால் திக்கும், திணறும், நடுவில் மறந்துபோய் நிற்கும், இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஆனால் குக்கர் விசில்? சாந்தாமணி பருப்புக்கு மூன்று விசில் விடுவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக மூன்றுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்றைக்கு அவன் காதில் விழுந்தது இரண்டு. இரண்டாவது விசிலுக்கு அப்புறம் பஸ் தாவியது, அதற்கப்புறம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் ரோட்டை முழுங்கும், சரி. அடுப்படியில் இருக்கிற குக்கரின் விசிலை அது எப்படி முழுங்கும்?

அவளுக்கு இன்றைக்கு அவசரமாக இருக்கலாம். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், எட்டு அடி தூரத்தில் அடுப்படி. ஏன் சாந்தா, இன்னைக்கு எத்தன விசில் வெச்ச? இவ்வளவுதான் கேள்வி. நாக்கு எழவில்லை. பதில் மூன்று என்று வந்துவிட்டால் என்ன செய்வது? சென்னியப்பன் அரசு பஸ் டிரைவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. பத்தொன்பது வருஷமாக ஏறி இறங்குகிறான், ஒரு பக்கக் கண்ணாடிகூட உடைத்ததில்லை. வார லீவு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் மனுஷன் சும்மா இருக்க மாட்டான். மேஜையில் திருகி வைத்த பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுவான். "ஆறு நாள் ஓட்டுனது பத்தலைன்னு ஏழாவது நாளும் பஸ் ஓட்டற ஆளை இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்திதானுங்க கட்டியிருக்கேன்" என்று சாந்தாமணி சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். யாரோ ஒரு புண்ணியவான் இதே மலைப்பாதையை வளைவு வளைவாக, எண் எழுதிய போர்டோடு, விளையாட்டுக்காகச் செய்து போட்டிருந்தான். இங்கே யாரும் ஜன்னல் வழியாக வாந்தி எடுப்பதில்லை, யானை மறிப்பதில்லை. அதற்காக அல்ல அவன் ஓட்டுவது. ஸ்டியரிங் கையில் இல்லாத நேரத்தில் தான் யார் என்று அவனுக்கு அவ்வளவு சரியாகத் தெரியாது, அதுதான் காரணம். நாளைக் காலை ஐந்தே கால் டிரிப் அவனுடையது. ஐம்பத்தைந்து சீட்டு, அதில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா இரண்டாவது சீட்டில் ஏறியதும் தூங்கிவிடுவாள், நாற்பது வளைவும் தாண்டித்தான் முழிப்பாள். அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு, இவன் ஓட்டுகிறான் என்ற தைரியத்தில்.

சரி, வண்டியைப் பார்ப்போம், டிரைவரை அப்புறம் பார்க்கலாம் என்று போனை எடுத்துத் தரணீதரனைக் கூப்பிட்டான். "சொல்லுங்க மச்சான். மறுபடியும் திக்குதுங்களா?" என்றான் அவன், ஆபீஸில் இருந்துகொண்டே. "திக்கலை மாப்ளே, தாவுது. நல்லா வந்துட்டே இருக்கும், பொசுக்குனு அக்கட்டப் போய் நிக்கும்." "சூடாயிருக்கும். சூடு எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க." பார்த்தான். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று நாலு! கோயிலில் பூ கேட்டு, வலது பக்கம் பூ விழுந்து சாமி சரி சொன்ன மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது அவனுக்கு. தொண்ணூற்று நாலு டிகிரியில் எந்த இஞ்சின்தான் ஒழுங்காக ஓடும்? டிப்போவில் இந்தச் சூட்டோடு ஒரு வண்டி வந்தால் அதை மலைக்கே விட மாட்டார்கள். ஒயரைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே பார்த்தான்: எட்டு வருஷத்துத் தூசி, தலையணையைக் கிழித்த பஞ்சு மாதிரி காற்றாடிகளில் அடைந்து கிடந்தது. சைக்கிள் பம்ப்பை எடுத்துவந்து புஸ் புஸ்ஸென்று அடித்தான். சிப்பின் மேல் சூட்டை இழுப்பதற்காகத் தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. தரணீதரன் போன தீபாவளிக்கு வாங்கி வைத்துவிட்டுப் போன புதுப் பசையை மிளகளவு வைத்தான். மெமரிப் பட்டையைக் கழற்றி, மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன அழிரப்பரால் அதன் பொன்னிறப் பல்லைத் தேய்த்தான். கை நடுங்கவில்லை. அதைக் கவனித்தான், கை நடுங்கவில்லை, கை நடுங்காதவனுக்கு ஒன்றும் இருக்க முடியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இருக்கட்டும், கூடம் கோணலாகவே இருக்கட்டும், மாசாணியம்மா, இந்த ஒரு தடவை கூடம் கோணலாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான்.

மாட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போதுதான் பார்த்தான், கீபோர்டுக்குப் பக்கத்தில் வீட்டுச் சாவிக்கொத்து கிடந்தது. அதன் இடம் கதவோர ஆணி. இங்கே யார் கொண்டுவந்தது? அவன்தான் கொண்டுவந்திருக்க வேண்டும், காலையில் உட்காரும்போது, நினைவில்லாமல். நினைவில்லாமல் என்ற வார்த்தையைத் தாண்டி வேகமாகப் போகப் பார்த்தான், போக முடியவில்லை. சித்தப்பாவுக்கு வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைத்தான் கையில் திணிப்பார்கள். சந்தைப்பேட்டையில், நாலு பேர் நடுவில், தொப்பென்று விழுவார். கை கால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும். இரும்பு குடு, இரும்பு குடு என்று யாராவது கத்துவார்கள். ஆறு ஏழு வயதில் பார்த்தது. சாவியைப் பிடித்திருந்த சித்தப்பாவின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் வலிப்பு என்றால் அதுதானே? விழ வேண்டும், நுரை தள்ள வேண்டும், ஊர் கூட வேண்டும். அவன் ஒரு நாளும் விழுந்ததில்லை. அவனுக்கு நடப்பது ஒன்றுமே இல்லை; ஒன்றுமே நடக்காததைப் போய் வியாதி என்பார்களா? ஒரு சட்டியில் கொஞ்சம் சோறு குறைகிறது, அவ்வளவுதான், அதுவும் தின்றது யார் என்று தெரியாது. போன வியாழக்கிழமை இறக்கத்தில் வரும்போது கண்டக்டர் வெள்ளியங்கிரி முன்னால் வந்து, "ஏனுங்ணா, விசில் குடுத்தனே, காதுல உழலீங்களா?" என்றான். எஸ்டேட் நிறுத்தம் பின்னால் போயிருந்தது. கூடையோடு ஒரு அம்மா இறங்கித் திட்டிக்கொண்டே மேட்டில் நடந்தாள். "பின்னாடி ஒரே சத்தம்ப்பா" என்று சமாளித்தான் சென்னியப்பன். பஸ்ஸில் அன்றைக்குச் சத்தமே இல்லை. ஆளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிறுத்தத்திலிருந்து பதிமூன்றாவது வளைவு எழுபது அடிகூட இருக்காது. விசில் அன்றைக்கும், விசில் இன்றைக்கும். சே, தூக்கக் கலக்கம். அன்றைக்கு இரண்டு டிரிப் சேர்த்து ஓட்டினான். இன்றைக்கு எத்தனை டிரிப்? இன்றைக்கு லீவு. ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கினான். நினைப்பு திரும்பத் திரும்ப அந்த அடுப்படி வாசலிலேயே வந்து நின்றது.

கம்ப்யூட்டரைப் போட்டான். காற்றாடிகள் இரைச்சலே இல்லாமல் சுற்றின, சூடு அறுபத்தெட்டு. இருபதாவது வளைவிலிருந்து இறக்கத்தில் பஸ்ஸை எடுத்தான். என்ன சுகமாக ஓடியது! பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு, மரங்கள் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின, நிழல்கள்கூட நடுங்கவில்லை. பார்த்தாயா, எல்லாம் தூசி, தூசிக்குப் போய்ப் பயந்தாயே முட்டாளே என்று தன்னையே செல்லமாக வைதுகொண்டு, சாயங்காலம் சாந்தாமணியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குப் பிடித்த இடத்தில் பரோட்டா வாங்கித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பதினாறாவது வளைவுக்குக் கியரை மாற்றக் கையை வைத்தான். பஸ் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. வளைவு இல்லை, கியர் இல்லை. ஸ்டியரிங்கில் கை இருந்தது, கைமேல் வெயில் இருந்தது, ஜன்னல் கம்பியின் நிழல் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. அவன் பயந்துபோனான். மலையில் பிரேக் பிடிக்காமல் போன அந்த ஒரு மழைநாளில்கூட இப்படிப் பயந்ததில்லை. அன்றைக்குப் பயப்பட ஆள் இருந்தான், கூடவே பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தான், அவனே. இப்போது அந்த ஆளே நடுவில் நடுவில் இறங்கிப் போய்விடுகிறானோ? போய்விட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறானோ?

"சூடு எறங்கியும் தாவுதுங்களா?" தரணீதரனுக்கே ஆச்சரியம். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. திரையில மேல ஒரு பச்சைக் கோடு ஓடற மாதிரி வெச்சுத் தர்றேன். கம்ப்யூட்டர் எங்க தெணறுனாலும் அந்தக் கோடு ஊசி மாதிரி மேல குத்தும். குத்துச்சுன்னா தப்பு கம்ப்யூட்டர் மேல." "குத்தலைன்னா?" "குத்தாம எப்படி மச்சான் தாவும்?" என்று சிரித்தான் அவன். "உங்க போனை ஸ்டூல் மேல நிறுத்தி வெச்சுத் திரையை வீடியோ எடுங்க. எந்த எடத்துல தாவுச்சுன்னு வாயால சொல்லுங்க. எனக்கு அனுப்புங்க, சாயங்காலம் பாத்துச் சொல்றேன்." பெங்களூரிலிருந்தே ஏதேதோ அழுத்திக் கோட்டை வரவழைத்துவிட்டு அவன் போனை வைத்தான். திரையின் மேல் ஓரத்தில் வயல் வரப்பு மாதிரி ஒரு பச்சைக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. வாயால் சொல்லச் சொன்னது தரணீதரன். எண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது சென்னியப்பனே கண்டுபிடித்தது. ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஓட்டினால், கம்ப்யூட்டர் தாவும்போதும் தன் எண்ணிக்கை விடாமல் போகும் இல்லையா? போனால் தான் இங்கேயேதான் இருந்தோம் என்று அர்த்தம். சாவிக்கொத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். சும்மாதான், கீபோர்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று.

ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபதாவது வளைவு. எண்ணிக்கொண்டே ஓட்டுவது முதலில் கஷ்டமாக இருந்தது, பிறகு கால் தாளம் போட ஆரம்பித்தது. பதினெட்டு, பத்தொம்பது, இருபது. கீழே டேம் தண்ணீர் தெரிந்தது, வெயிலில் தகரம் மாதிரி. மகளுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது, முப்பதுக்கு அப்புறம் எப்போதும் ஐம்பதுக்குத் தாவிவிடுவாள், நடுவில நாப்பது இல்லையா சாமி என்றால், அது எனக்குப் புடிக்கலப்பா என்பாள். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது. நாப்பது இருக்கிறது, பார், நாற்பதைத் தாண்டிவிட்டேன். ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு சீட்டு, அதை நினைக்காதே. அறுபது. நர்ஸம்மா சீட்டு இந்த விளையாட்டு பஸ்ஸிலும் இருக்கிறது, அதில் நீலச் சட்டை போட்ட ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கிறது. அறுபத்தெட்டு. தாளிக்கிற வாசம் வந்தது, கடுகு, கருவேப்பிலை, அதோடு ரப்பர் கருகுவது போல வேறொரு வாசம், எரிவது என்ன, ஒயரா, எழுபது, ஒயர்தான், எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு, பஸ் பள்ளத்தில் கிடந்தது. "பாத்தியா, தாவிருச்சு! மாப்ளே, பாத்துக்க!" என்று கத்தினான். எண்ணிக்கை விடவில்லை! எழுபத்தொன்றுக்கு அப்புறம் எழுபத்திரண்டு, ஒரு எண்கூட நழுவவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது. எழுந்து போய் ஸ்டூல் மேலிருந்த போனை எடுத்தான். அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவன் வண்டியைச் சுற்றிவந்து பார்க்காமல் எடுத்ததே இல்லை. போட்டுப் பார்த்தான்.

சின்னத் திரைக்குள் சின்னப் பஸ் இறங்கியது. அவன் குரல் எண்ணியது, கொஞ்சம் அந்நியமாக, பக்கத்து வீட்டுக்காரர் குரல் போல. அறுபத்தெட்டு. அறுபத்தொம்பது. எழுபது. எழுபத்தொண்ணு. அப்புறம் எண்ணிக்கை வரவில்லை. பஸ் தாவவில்லை. பச்சைக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு ஊசிமுனைகூட எழவில்லை. இஞ்சின் சத்தம் சீராக வந்தது. பஸ் அவசரப்படாமல், ஒழுங்காக, வளைவில் திரும்பாமல் நேராகப் போனது. எண் எழுதிய போர்டு நெருங்கி வந்து தாண்டிப் போனது. அந்த இடைவெளியில் இன்னொரு சத்தம் கேட்டது, ஈரமாக, சப் சப் என்று, யாரோ வெற்றிலை மெல்வதைப் போல. அவன் வெற்றிலை போடுவதில்லை. பிறகு சாந்தாமணியின் குரல், வெகு பக்கத்தில்: "ஏனுங்க, சோறு போட்டரட்டுங்களா?" சப் சப். "என்னத்தச் சவைக்கிறீங்க வாயில?" சப். பஸ் கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு வெளியே போனது, வானம் தெரிந்தது, மரங்கள் தலைகீழாக வந்தன, உருண்டது, நின்றது. "கேக்கறேனில்ல… சரி, கோவமா இருந்தா இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் காலடி போனது. ஒரு நொடி அமைதி. "எழுபத்திரண்டு" என்றது அவன் குரல், ஒன்றுமே நடக்காதது போல. "பாத்தியா, தாவிருச்சு! மாப்ளே, பாத்துக்க!" அவன் அந்த இடத்தை மறுபடியும் போட்டான். மறுபடியும். அவள் வந்தது தெரியாது. அவள் பேசியது தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் பெண்டாட்டி நின்று மூன்று வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான்காவது தடவை போட்டபோது கம்ப்யூட்டரின் மேல் ஒரு கோபம் வந்தது, நல்லபடியாக ஓடுகிறாயே பாவி என்று.

"சாந்தா" என்று கூப்பிட்டான். கரண்டியோடு வந்தாள். "இப்பத்தான் வாய் தொறந்துச்சாக்கும்." "இன்னைக்குப் பருப்புக்கு எத்தன விசில் வெச்ச?" அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூணு. எப்பவும் மூணுதானுங்க. ஏன், வேகலைன்னு இப்பவே வாசத்துலயே தெரிஞ்சுருச்சா?" அவன் சிரிக்கவில்லை. போனை அவளிடம் நீட்டினான். நின்றபடியே பார்த்தாள், முதலில் சிரித்துக்கொண்டு, தன் குரல் வந்ததும் சிரிப்பு நின்று, கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டுவது தெரியாமல். "நீங்க எனக்குப் பதில் சொல்லலைன்னு நான் நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "பொங்கல்ல இருந்தே இப்படித்தான். சோறு திங்கறப்ப, பல்லு வெளக்கறப்ப. கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பீங்க, ஆனா பேச மாட்டீங்க. புள்ளைய ஹாஸ்டல்ல சேத்தச் சொன்னேன்னு மனசுக்குள்ள என்ற மேல கோவம்னு நானும் வீம்புக்குப் பேசாமப் போயிருவேன்." போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "கோவம்னே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேனுங்க." பொங்கலுக்கு அப்புறம் எத்தனை நாள்? தொண்ணூறு, நூறு. வார லீவு போக மற்ற எல்லா நாளும் மலை ஏறி இறங்கியிருக்கிறான். எந்தெந்த வளைவுகளைத் தான் ஓட்டினோம், எவற்றை யாருமே ஓட்டவில்லை? ஒவ்வொரு வளைவாக நினைத்துப் பார்க்கத் தொடங்கி, பார்க்க முடியாது என்று தெரிந்து, தெரிந்தும் நிறுத்த முடியாமல், அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். நர்ஸம்மா தூங்குகிறாள். அத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"டாக்டர்கிட்டப் போலாங்க, இப்பவே எந்திரிங்க." "போலாம். மொதல்ல டிப்போவுக்குச் சொல்லோணும். நாளைக்கு அஞ்சே காலுக்கு வேற ஆள் போடோணும்." சொல்லிவிட்டால் ஸ்டியரிங் போய்விடும், திரும்ப வராது. டிப்போ வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, போகிற வருகிற வண்டி நம்பரை எழுதச் சொல்வார்கள். எத்தனையோ பேரை அப்படி உட்கார்ந்திருக்கப் பார்த்திருக்கிறான், வண்டியில் போகும்போது அவர்களுக்குக் கை காட்டுவான், அவர்களும் காட்டுவார்கள், முகத்தை மட்டும் பார்த்ததில்லை. போனில் கன்ட்ரோலர் அங்கண்ணன் பெயரைத் தேடினான். விரல் அந்தப் பெயரின் மேலேயே நின்றது. "நீ என்ற முன்னாடி நில்லு" என்றான் அவளிடம். "நான் பேசறப்ப நடுவுல நின்னுட்டா, போனை வாங்கி நீ சொல்லி முடிச்சுரு." அவள் கரண்டியைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, அவன் மடியில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து அவன் இடதுகையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். அவன் பெயரை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் அவன் காதில் விழுந்தன. "சொல்லுங்க சென்னியப்பன், லீவு நாள்ல என்ன?" என்றார் அங்கண்ணன். சென்னியப்பன் சொல்ல ஆரம்பித்தான். சாந்தாமணி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.